காகித ஆலையை எங்கே நின்று அளப்பது?

கேள்வி இதுதான்: காகித ஆலைகள் சுற்றுச்சூழலைப் பேணுவதாகவும், சுற்றியுள்ள ஊர்களுக்குத் துணை நிற்பதாகவும் தங்கள் ஆண்டறிக்கைகளில் எழுதுகின்றன. மரத்தையும் தண்ணீரையும் நம்பியே நடக்கும் ஒரு தொழிலால் உண்மையில் அப்படி நடந்துகொள்ள முடியுமா? முடியும் என்றால், வெளியில் இருப்பவர் அதை எப்படிச் சரிபார்ப்பது?

முடியும் என்பதே என் பதில். ஆனால் அதற்கான சான்று, ஆலை வாசலில் நட்ட மரக்கன்றிலோ பள்ளிக்கு வழங்கிய மேசை நாற்காலியிலோ இல்லை. ஆலைக்குள் என்ன போகிறது, அது என்னவாகி வெளியே வருகிறது, வெளியே வந்தது கடைசியில் யாருடைய நிலத்தில் போய்த் தங்குகிறது என்று விடாமல் பின்தொடர்ந்து போனால்தான் அந்தச் சான்று கிடைக்கும். கூழ், காகிதத் தொழிலில் கழிவுநீர்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குப் பழக்கமான ஒரு பகுதியை வைத்தே இதை விளக்குகிறேன். அது கரூர் மாவட்டம் புகளூரை ஒட்டிய காகிதபுரம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் இயங்கும் இடம்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காவிரியின் தென்கரையில், சேரர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளுக்குப் பெயர்பெற்ற புகழிமலையின் சுற்றுவட்டாரம் அது. புகளூர் வாய்க்கால் பாயும் நிலங்களில் கரும்பும் வாழையும் விளைகின்றன. அவற்றோடு வெற்றிலைக் கொடிக்கால்களும் உண்டு. கொடிக்கால் வைத்திருப்பவர் தண்ணீரின் குணம் சற்று மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார். இலையின் நிறமும் காரமும் அவருக்கு உடனே சொல்லிவிடும். வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களோ ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையை நம்பி இருப்பவை. ஆலைக்கும் ஊருக்குமான உறவைப் பேசும்போது இந்த இரண்டு வகை நிலங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் ஒரே தண்ணீர் ஒருவருக்கு வரமாகவும் மற்றவருக்குச் சுமையாகவும் ஆகக்கூடும்.

தமிழ்நாடு அரசு 1979இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கியது. உலக வங்கியின் கடனுதவியோடு கட்டப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 90,000 டன் திறனுடன் 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று காகிதபுரத்தின் திறன் சுமார் 4 லட்சம் டன். தொடங்கியபோதே எடுத்த ஒரு முடிவுதான் இந்த ஆலையை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தியது: மரத்தை முதன்மையாக நம்பாமல் கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுப்பது. கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்துவந்தன. அதைக் காகிதத்துக்குத் தரவேண்டுமானால் அவர்களுக்கு வேறு எரிபொருள் வேண்டும். ஆகவே சக்கைக்கு ஈடாக நிலக்கரியோ நீராவியோ தரும் ஏற்பாட்டைக் காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளோடு செய்துகொண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் சக்கை இப்படிக் காகிதமாகிறது.

இதை நான் மதிக்கிறேன். அரவைக் கழிவாகக் கருதப்பட்ட ஒன்றுக்கு, இவ்வளவு பெரிய அளவில், நாற்பது ஆண்டுகளாக மதிப்பு தேடித் தந்திருப்பது சாதாரணக் காரியமல்ல. ஆயினும் கணக்கை முழுதாக எழுதவேண்டும். காட்டில் வெட்டப்படாத மரம் ஒரு பக்கம் வரவு என்றால், சக்கைக்குப் பதிலாகச் சர்க்கரை ஆலையில் எரிந்த நிலக்கரி மறுபக்கம் செலவு. ‘மரம் காத்தோம்’ என்று எழுதும் ஆலை அந்த நிலக்கரியையும் அதே பக்கத்தில் எழுதினால்தான் அந்தக் கூற்றை முழுமையாக நம்பலாம். மேலும், காவிரி வற்றும் ஆண்டில் கரும்புப் பரப்பு சுருங்கும், சக்கை குறையும், ஆலை மரத்தின் பக்கம் சாயும். ஆற்றின் நலமும் ஆலையின் மூலப்பொருளும் இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருப்பதால், ஆற்றைக் காப்பது இந்த ஆலைக்குத் தன் வயிற்றுப்பாட்டைக் காப்பதும்தான்.

மரம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, காட்டை நம்பிய தொழில்கள் தங்களுக்கு வேண்டிய மரத்தை உழவர்களோடு நேரடி உறவு வைத்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. அதற்கு முன்பு, அரசுக் காடுகளிலிருந்து அடிமாட்டு விலைக்கு மூங்கிலும் மரமும் ஆலைகளுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. காகிதத் தொழிலுக்கு இந்தியாவில் கெட்ட பெயர் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காகிதபுரம் ஆலை 2004–05 முதல் உழவர் நிலங்களில் சவுக்கு, தைலமரம் வளர்க்கும் பண்ணைக்காட்டுத் திட்டத்தை நடத்துகிறது. தேர்ந்தெடுத்த தாய்மரங்களிலிருந்து எடுத்த குளோனல் நாற்றுகளைத் தருகிறது, மரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் செய்கிறது. கூலியாள் கிடைக்காத மானாவாரி நிலக்காரருக்குச் சவுக்கு நல்ல வருமானம். தைலமரத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருப்பேன். வண்டல் நிலத்திலோ கிணற்றுப் பாசன நிலத்திலோ அதைக் கொண்டுவந்து நிறுத்துவது, ஆழ வேரோடும் ஒரு மரத்தை அண்டை வீட்டுக் கிணற்றோடு போட்டிக்கு விடுவதாகும். எந்த நிலத்தில் எந்த மரம் என்று ஆலையின் கள அலுவலர் உழவரிடம் என்ன சொல்கிறார் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் நேர்மை இருக்கிறது. எத்தனை லட்சம் நாற்று கொடுத்தார்கள் என்ற கணக்கில் அது தெரியாது.

இனி நான் அதிகம் பேச விரும்பும் பொருளுக்கு வருகிறேன்: தண்ணீர்.

காகிதம் என்பது ஒரு வகையில் தண்ணீரில் மிதக்கவிட்ட நாரை வலையில் வடித்து உலர்த்தியதுதான். அதனால் கூழ் வேகும் இடத்திலிருந்து காகிதம் சுருளும் இடம் வரை எல்லாமே தண்ணீரில் நடக்கின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான பெருநிறுவனப் பொறுப்புச் சாசனத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2003இல் கொண்டுவந்தபோது, 1992க்கு முன் நிறுவப்பட்ட பெரிய ஆலைகள் ஒரு டன் காகிதத்துக்கு வெளியேற்றும் கழிவுநீரை இரண்டு ஆண்டுகளில் 140 கனமீட்டராகவும், நான்கு ஆண்டுகளில் 120 கனமீட்டராகவும் குறைக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. இந்த எண்ணைக் காவிரிக்காரர்களுக்குப் பழக்கமான அளவில் சொல்லிப்பார்க்கலாம். 4 லட்சம் டன் திறனுள்ள ஓர் ஆலை டன்னுக்கு 120 கனமீட்டர் வெளியேற்றினால் ஆண்டுக்கு 4.8 கோடி கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 1.7 டி.எம்.சி. அதே ஆலை 50 கனமீட்டரில் வேலையை முடித்தால் 0.7 டி.எம்.சி. போதும். நடுவில் உள்ள அந்த ஒரு டி.எம்.சி. எந்த மரம் நடும் விழாவாலும் ஈடுசெய்ய முடியாத அளவு. நல்ல ஆலைகள் அதை மிச்சப்படுத்தியது பெரும் மந்திரத்தால் அல்ல. காகித இயந்திரத்திலிருந்து வடியும் நீரைக் கூழ் கழுவத் திருப்பினார்கள், குளிர்விக்கும் நீரைத் தனியாகப் பிரித்துச் சுழற்றினார்கள், கசியும் குழாய்களை அடைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, விழா எடுக்க முடியாத வேலை அது.

அளவுக்கு அடுத்தது குணம். சக்கையையோ மரச்சீவலையோ காரத்தில் வேகவைக்கும்போது நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் கரைந்து கருஞ்சாறாக வெளியேறுகிறது. ஆலைக்காரர்கள் அதை பிளாக் லிக்கர் என்பார்கள். ஒரு காலத்தில் சிறிய ஆலைகள் அதை அப்படியே ஓடையில் விட்டதுண்டு. பெரிய ஆலைகளில் அதைச் சுண்டக் காய்ச்சி, மீட்புக் கொதிகலனில் எரித்து, நீராவியையும், வேகவைக்கப் பயன்பட்ட காரமான சோடாவையும் திரும்ப எடுக்கிறார்கள். சோடா விலையுள்ள பொருள். ஆகவே இதில் ஆலையின் இலாபமும் ஆற்றின் நலமும் ஒரே திசையில் போகின்றன.

வெளுப்பு அப்படியல்ல. வெள்ளைக் காகிதத்துக்காகக் குளோரின் வாயுவைக் கொண்டு கூழை வெளுத்தபோது, அது லிக்னினோடு சேர்ந்து கரிமக் குளோரின் சேர்மங்களை உண்டாக்கியது. அவற்றில் சில, டையாக்சின் போல, மண்ணிலும் மீனிலும் தங்கி எளிதில் சிதையாதவை. காகிதபுரத்தில் முதலீடு செய்து கூழ்ப் பிரிவைப் புதுப்பித்து, தனிமக் குளோரினை விலக்கிக் குளோரின் டையாக்சைடுக்கு மாறினார்கள். என் மதிப்பீட்டில், இந்தத் தொழிலில் கடந்த அரை நூற்றாண்டில் நடந்த மாற்றங்களுள் ஆற்றுக்கு மிகப் பெரிய நன்மை செய்தது இதுதான். ஆயினும் இதைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசுவதில்லை, ஏனென்றால் முன்பு இருந்த கெடுதலும் கண்ணுக்குத் தெரியாதது, இப்போது வந்த நன்மையும் கண்ணுக்குத் தெரியாதது. ஊருக்குத் தெரிவது நிறமும் நாற்றமும்தான். சுத்திகரித்த பிறகும் நீர் தேநீர் வடித்தது போல் இருப்பதற்குக் காரணம், நுண்ணுயிர்கள் எளிதில் தின்னாத லிக்னின் எச்சம். நாற்றத்துக்குக் காரணம், மரத்தைக் கந்தகச் சேர்மத்தோடு வேகவைக்கும் முறையில் எழும் வாயுக்கள். அவற்றைப் பிடித்துக் கொதிகலனிலோ சுண்ணாம்புச் சூளையிலோ எரிக்க வேண்டும் என்பதும் 2003 சாசனத்தில் உண்டு. சக்கையைச் சோடாவில் மட்டும் வேகவைத்தால் அந்தக் கந்தக நாற்றம் இராது. ஆனால் சக்கைக் குவியலுக்கென்று ஒரு புளித்த வாடை உண்டு.

அந்தக் குவியலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கரும்பு அரவை ஆண்டு முழுதும் நடப்பதில்லை. சில மாதங்களில் வந்து சேரும் சக்கையை ஆண்டு முழுதும் பயன்படுத்த, அதை மலை மலையாகக் குவித்து நனைத்தே வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் தீப்பிடிக்கும், நாரும் கெடும். அருகில் போய் நின்றால் அந்தக் குவியலுக்குள்ளிருந்து வெப்பம் முகத்தில் அடிக்கும். அடியில் பழுப்பு நிறத்தில் நீர் கசிந்து ஓடும். காலுக்குக் கீழே தரை மெத்தை போல் அமுங்கும். எஞ்சிய சர்க்கரை புளித்து அமிலமான அந்த நீர், ஆலையின் கழிவுகளிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. காகிதபுரத்தில் அதைக் காற்றில்லாக் கலன்களில் விட்டு மீத்தேன் எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் எரியும் உலை எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்துகிறார்கள். வளரும் நாடுகளில் பசுமைக்குடில் வாயுக்களைக் குறைக்கும் திட்டங்களுக்குக் கார்பன் வரவு தர, கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் வந்த தூய்மை மேம்பாட்டு முறையில் பதிவுபெற்ற திட்டம் அது. திறந்த குட்டையில் நொதித்துக் காற்றில் கலந்திருக்கக்கூடிய மீத்தேன் எரிபொருளானது. குட்டையின் நாற்றமும் குறைந்தது. ஆலைக்கும் அயலாருக்கும் ஒருசேர நன்மையான ஏற்பாடு எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

திடக்கழிவிலும் இதே போன்ற ஒன்று உண்டு. கரும்புச் சக்கையில் மணல்சத்தான சிலிக்கா அதிகம். அது காரத்தை மீட்கும் சுற்றில் சுண்ணாம்புச் சேற்றோடு சேர்ந்துகொள்வதால், சேறு முழுவதையும் திரும்பச் சுட்டுப் பயன்படுத்துவது கடினம். வெண்ணிறச் சேறு குன்றாகக் குவியும். கொதிகலன் சாம்பல் மறுபக்கம் குவியும். இரண்டையும் சேர்த்துச் சிமெண்ட் தயாரிக்கும் ஆலையை வளாகத்துக்குள்ளேயே 2010களில் நிறுவினார்கள். கோடைக்காற்றில் சாம்பல் பறந்து மாவாகப் படியும் கூரைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். திருநெல்வேலி மாவட்டத்தில் நிறுவனத்துக்கு 35.5 மெகாவாட் காற்றாலைகள் இருக்கின்றன. நல்லதுதான், ஆனால் புகளூரில் கொதிகலனுக்கு அருகில் குடியிருப்பவருக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை.

சுத்திகரித்த நீர் எங்கே போகிறது என்பதுதான் இந்தப் பதிலின் நடுப்பகுதி. சுற்றுப்புற உழவர்களைச் சேர்த்து 1995இல் ஒரு நீரேற்றுப் பாசனச் சங்கம் அமைக்கப்பட்டது. ஆலையின் சுத்திகரித்த நீர் மேட்டு நிலங்களுக்கு ஏற்றப்பட்டு, 1000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தில் கரும்பு, தென்னை, தீவனப்புல் போன்றவற்றுக்குப் பாய்கிறது. காவிரியில் மேல்நோக்கிச் சென்றால் பள்ளிபாளையத்தில், 1960இல் தொடங்கப்பட்ட சேஷசாயி காகித ஆலையும் இதே வழியில்தான் நடக்கிறது. ஆலையின் நீரில் கரும்பு விளைகிறது, கரும்பு ஓடப்பள்ளிச் சர்க்கரை ஆலைக்குப் போகிறது, சக்கை காகித ஆலைக்குத் திரும்புகிறது. காகிதத்தில் வரைந்தால் அழகான வட்டம்.

அந்த வட்டத்தில் ஒரு பொருள் மட்டும் திரும்பி வருவதில்லை. அது உப்பு. கூழ் வேகவைத்த சோடாவில் மீட்கப்படாத பகுதியும், வெளுப்பில் வந்த குளோரைடும் நீரில் கரைந்தே வெளியேறும். நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்னும், உப்பைத் தின்னா. மாசுக் கட்டுப்பாட்டு விதிகளில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. சிறிய எண்ணாகத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு ஒரு மீட்டர் உயரத்துக்கு இந்த நீரைப் பாய்ச்சினால் அது சுமார் 40 லட்சம் லிட்டர், வரம்புக்குள் இருக்கும் நீரே ஆண்டுக்கு 8.5 டன் உப்பை அந்த ஏக்கரில் கொண்டுவந்து இறக்கும். கரும்புக்கு ஒரு மீட்டர் போதவும் போதாது. நல்ல மழை பெய்யும் ஊரில் இந்த உப்பில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்படும். கரூர் போன்ற வறண்ட மண்டலத்தில் ஒரு பகுதி மண்ணில் தங்கும், ஒரு பகுதி மெல்ல இறங்கிக் கிணற்றைச் சேரும். மண்ணில் சோடியம் மிகுந்தால் உவர் நிலம் களர் நிலமாகும். மழை பெய்தால் சேறாக இளகும், காய்ந்தால் கல்லாக இறுகும், வேருக்குள் காற்றுப் போகாது. ஜிப்சம் போட்டு, வடிகால் வெட்டி, பயிரை மாற்றி இதைத் தள்ளிப்போடலாம். ஆனால் யாராவது தொடர்ந்து செய்தால்தான் நடக்கும்.

என் வேலைக்காலத்தில் வேறொரு மாவட்டத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆலையின் பாசன நிலத்துக்கு மண் மாதிரி எடுக்கப் போனேன். வரப்பின் ஓரத்தில் வாய்க்கால் காய்ந்த இடத்தில் விரல்நகம் கனத்துக்கு வெள்ளைப் பொருக்கு. நிலக்காரர் அதைச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்து, “நாக்குல வெச்சுப் பாருங்க சார்” என்றார். கரித்தது. அவர் ஆலையைத் திட்டவில்லை. “இந்தத் தண்ணி வராட்டி இந்தக் காட்டுல சோளத்தட்டுகூட இல்லைங்க. வந்ததால பத்து வருசம் தென்னை காய்ச்சுது. இப்பக் கிணத்துத் தண்ணி மாடு குடிக்க மாட்டேங்குது. ரெண்டையும் எழுதிக்குங்க” என்றார். ஆய்வக அறிக்கையில் இரண்டையும் எழுதினேன். ஆலை வெளியிட்ட அறிக்கையில் முதல் பாதி மட்டும் இருந்தது. அன்றிலிருந்து எந்த ஆலையின் சமூக நலப் பக்கத்தைப் படித்தாலும் விடுபட்ட அந்த இரண்டாம் பாதியைத்தான் தேடுகிறேன்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. கழிவுநீரை ஆற்றில் விடவேண்டுமானால் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும். நிலத்தில் பாய்ச்சினால் 100 வரை இருக்கலாம். ஆகவே பாசனம் உழவருக்குச் செய்யும் உதவி மட்டுமல்ல, ஆலைக்கும் சற்று எளிதான வழி. உழவருக்கு மழைக்காலத்தில் தண்ணீர் வேண்டாம். ஆலையோ 365 நாளும் தண்ணீர் விடும். வேண்டாத நாட்களில் அந்த நீர் எங்கே தேக்கப்படுகிறது, எங்கே திருப்பப்படுகிறது என்று கேட்டால், பாசனத்துக்காகக் கழிவுநீரா, கழிவுநீருக்காகப் பாசனமா என்பது விளங்கிவிடும். ஒரு குற்றச்சாட்டாக இதைச் சொல்லவில்லை. இரண்டு தரப்புக்கும் பயன் இருக்கும்போது அதை இரண்டு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொள்வதே நல்ல ஒப்பந்தம். அப்படி ஒப்புக்கொண்டால், நிலத்தைக் காக்கும் செலவான ஜிப்சம், வடிகால், மண் பரிசோதனை ஆகியவற்றை ஆலை ஏற்பது தானமாகத் தோன்றாது, உற்பத்திச் செலவின் ஒரு பகுதியாகவே தோன்றும்.

புகளூர்ப் பகுதியில் பழியைப் பகிர்வதிலும் நிதானம் வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பைப் பல ஆண்டுகள் சுமந்துவந்த நொய்யல், காகிதபுரத்துக்கு மேலேதான் காவிரியில் கலக்கிறது. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழுள்ள உழவர்கள் நீண்ட காலம் வழக்காடிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே ஒரு கிணறு கரிக்கிறது என்றால், அந்தக் கிணறு ஆலைக்கு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது, பாசனம் தொடங்குவதற்கு முன் அதன் நீர் எப்படி இருந்தது என்று தெரியாமல் யாரையும் சுட்டுவது சரியல்ல. அதனால்தான் ஆலை வருவதற்கு முன்பே எடுத்து வைத்த கிணற்று நீர் அளவுகள் விலைமதிப்பற்றவை. இல்லாத இடத்தில் இன்றைக்காவது தொடங்கவேண்டும்.

ஊருக்கான துணை என்ற தலைப்பில் சட்டம் என்ன சொல்கிறது? 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ இலாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பள்ளிக் கட்டடம், மருத்துவ முகாம், குடிநீர்த் தொட்டி, சாலை என்று அந்தப் பணம் போகிறது. அவை தேவையானவையே, ஒரு தொடக்கப் பள்ளியில் கழிப்பறை கட்டியதால் பெண்பிள்ளைகள் தொடர்ந்து படிக்கிறார்கள் என்றால் அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் இலாபம் குறைந்த ஆண்டில் அந்தத் தொகையும் குறையும். காகிதத் தொழில் உலகச் சந்தையின் கூழ் விலையோடு ஏறி இறங்குவது. ஊரின் குடிநீர் அந்த ஏற்ற இறக்கத்தை நம்பியிருக்கக் கூடாது. 2016–17 வறட்சியில் தண்ணீர் இல்லாமல் ஆலையின் உற்பத்தியே பாதிக்கப்பட்டது. அத்தகைய ஆண்டில் ஊருக்கும் தண்ணீர் இராது, உழவருக்கும் சுத்திகரித்த நீர் வராது. துணை அதிகம் தேவைப்படும் ஆண்டும், துணை செய்யும் வலு குறையும் ஆண்டும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் ஆலையின் இயக்கத்தோடு பிணைந்த துணையை நான் பெரிதாக மதிக்கிறேன்: உள்ளூர் இளைஞருக்குத் தொழிற்பழகுநர் பயிற்சியும் நிரந்தர வேலையும், சக்கை லாரிகள் ஊருக்குள் நுழையாதபடி தனிப்பாதை, ஊர்க் கிணறுகளை ஆலை ஆய்வகத்திலேயே மாதந்தோறும் பரிசோதித்து முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதுவது. இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதல்ல, மனம்தான் வேண்டும்.

வெளியில் இருப்பவர் எப்படிச் சரிபார்ப்பது என்ற பகுதிக்கும் விடை சொல்லிவிடுகிறேன். கூழ், காகிதத் தொழில் மத்திய வாரியம் வகுத்த 17 பெருமாசுத் தொழில்களில் ஒன்று. 2014 முதல் இவற்றில் கழிவுநீரையும் புகையையும் இடைவிடாது அளந்து வாரியத்துக்கு நேரடியாக அனுப்பும் கருவிகள் கட்டாயமாக்கப்பட்டன. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூழ் ஆலை விரிவாக்கத்துக்கு முன்அனுமதி வேண்டும், பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தவேண்டும். அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஊரார் எழுப்பிய ஒவ்வொரு புகாருக்கும் ஆலை என்ன வாக்குறுதி கொடுத்தது என்று பதிவாகியிருக்கும். அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் அறிக்கையையும், ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதிக்குள் மாநில வாரியத்துக்குத் தரும் சுற்றுச்சூழல் அறிக்கையையும் அதோடு ஒப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆண்டறிக்கையின் வண்ணப்படங்களைவிட இந்த மூன்று தாள்களும் அதிகம் பேசும். படிக்கும்போது உயிர்வேதி ஆக்சிஜன் தேவையில் நின்றுவிட வேண்டாம். அதில் இன்றைக்குப் பெரும்பாலான பெரிய ஆலைகள் தேறிவிடும். ஒரு டன் காகிதத்துக்கு எத்தனை கனமீட்டர் நீர், கரைந்த உப்பு எவ்வளவு, சோடியத்தின் விகிதம் எவ்வளவு, பாசன நிலத்தின் மண் ஐந்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நேரில் போக முடிந்தால் கோடையில், ஏப்ரலில் போங்கள். ஆற்றில் நீர் குறைவாகவும் ஆலையின் நீர் கூடுதலாகவும் தெரியும் காலம் அது. வாசல் வழியாக உள்ளே போய்த் தோட்டத்தையும் மீன் நீந்தும் காட்சித் தொட்டியையும் பார்ப்பதற்கு முன், பாசன வாய்க்கால் முடியும் கடைமடைக்குப் போய், அங்கே இருக்கும் கிணற்றில் ஒரு வாளி நீர் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நீரை மாடு குடிக்கிறதா என்று நிலக்காரரிடம் கேளுங்கள். குடிக்கிறது என்றால், அந்த வாய்க்காலில் எத்தனை ஆண்டுகளாகத் தண்ணீர் பாய்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.